குட்டிப் பென்சிலும் தொப்பிக்காரியும்

சிட்டுவுக்கு ஸ்பானிஷ் மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். ‘போனிதோ’. அழகாக இருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும்.

ஒரு வார்த்தை கிடைத்தால் சிட்டு சும்மா இருப்பாளா? பஸ்ஸைக் காட்டிப் போனிதோ என்றாள். குடையைக் காட்டிப் போனிதோ என்றாள். குப்பை வண்டியைக்கூட விடவில்லை. அந்தப் பெண் முதலில் சிரித்தாள். மூன்றாம் நாள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் வகுப்புப் புகைப்படம். எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். அந்தப் புதுப் பெண் மட்டும் தலையில் போட்டிருந்த தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“தொப்பியோட எடுக்கக் கூடாதாம். அவ வரலைன்னா விட்டுட்டுத்தான் எடுக்கணும்,” என்றார் ஆசிரியை வருத்தமாக.

“அஞ்சு நிமிஷம் டீச்சர், நான் கூட்டிட்டு வரேன்.” சிட்டு வகுப்பறைக்கு ஓடினாள். தொப்பியைக் காட்டி, ஏன் என்று கையை விரித்தாள்.

அந்தப் பெண் தொப்பியை லேசாகத் தூக்கினாள். முன்முடியிலும் காதோர முடியிலும் பாதியைக் காணோம். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டி, தன்னையே தொட்டுக் காட்டினாள். தானே வெட்டிக்கொண்டாளாம்.

சிட்டுவுக்குப் பாவமாக இருந்தது. “போனிதோ,” என்றாள்.

அந்தப் பெண் முறைத்தாள். ஜன்னல் வழியே குப்பை வண்டியைக் காட்டி, “போனிதோ,” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

சிட்டுவுக்கு முகத்தில் அசடு வழிந்தது. பையிலிருந்து குட்டிப் பென்சிலை எடுத்தாள். கட்டைவிரல் அளவுதான் மிச்சம். ஆனாலும் யாருக்கும் தரமாட்டாள்.

“இப்படிக் குட்டியா இருக்கிறதை உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?” என்று விரல்களால் அதன் அளவைக் காட்டிக் கேட்டாள்.

அந்தப் பெண்ணும் விரல்களால் அதே அளவைக் காட்டினாள். “கோர்த்தோ.”

குட்டையாம். சிட்டு அவள் முடியை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளதைச் சொன்னாள். “கோர்த்தோ. ரொம்ப ரொம்ப கோர்த்தோ.”

அவள் திகைத்தாள். பிறகு குபீரென்று சிரித்துவிட்டாள்.

சிட்டு பென்சிலை அவள் காதோரம் செருகினாள். நீள முடியாக இருந்திருந்தால் அது மறைந்தே போயிருக்கும்.

“கோர்த்தோ,” என்றாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். “போனிதோ.”

இந்த முறை அவள் நம்பினாள்.

புகைப்படத்தில் தொப்பி இல்லை. இரண்டாம் வரிசையில் ஒருத்தி வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். அவள் காதில் சிட்டு யாருக்கும் தராத பென்சில்.