அவள் நிமிர்ந்து பார்த்த பாய்மரம்

"ஏங்க! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மிஹாரு கத்திய கத்தலில் நாகசாகித் துறைமுகத்தின் மழைச் சத்தம்கூட ஒரு நொடி அடங்கினாற்போல் இருந்தது.

கப்பல் திருவிழாக் கூடாரத்தில் ஸ்டூலின் மேல் நின்றபடி பழைய புகைப்படங்களுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தாள் அவள். எங்கிருந்தோ ஓடிவந்த ஒருவன் கூடாரக் கம்பத்தில் வந்து மோதினான். கம்பம் ஆடியது... ஸ்டூல் ஆடியது... கையிலிருந்த படம் நழுவி, தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில் குப்புற விழுந்தது.

"முதல் வருஷத்துப் படம்! ஒரே ஒரு பிரதிதான் இருக்கு!"

அவன் சட்டென்று குனிந்து படத்தை எடுத்தான். கழுத்தில் கிடந்த துண்டை உருவி, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் மெல்ல ஒற்றினான். வெள்ளைச் சீருடை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மார்பில் 'ஷிராசாகி மாரு' என்று கப்பலின் பெயர்... காலையில்தான் துறைக்கு வந்து நின்ற நாலு பாய்மரப் பயிற்சிக் கப்பல்.

திட்ட வாய் திறந்தவள், அவன் கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மழையில் நனைந்த கண்கள் அல்ல அவை. எதற்கோ மிரண்டு, ஒளிய இடம் தேடி வந்த கண்கள்.

"மன்னிச்சிடுங்க... படம் கெட்டுப்போகல. ஓரம் மட்டும்தான் கொஞ்சம்..."

அவன் நீட்டிய படம் நடுங்கியது. படமா, கையா?

"ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"குளிர்."

ஏப்ரல் கடைசியில் என்ன குளிர்? கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. மழை விட்டதும் போகலாம். ஆனா எதையும் தொடக்கூடாது!"

அவன் உட்கார்ந்தான். தொடாமல், கூடாரம் முழுக்க மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கப்பல் திருவிழாவின் இருபத்துச் சொச்சம் வருடங்கள் அங்கே கயிற்றில் தொங்கின.

"இதெல்லாம் நீங்க சேர்த்ததா?"

"ஊர்க்காரங்க கொடுத்தது. வீடு வீடா ஏறி இறங்கினேன்." பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "முதல் வருஷம் ஒரே ஒரு தடவைதான்னு சொல்லித்தான் நடத்தினாங்க. டச்சுக்காரங்க வந்து நானூறு வருஷம் ஆச்சுன்னு ஒரு கொண்டாட்டம். கப்பலெல்லாம் கிளம்பற அன்னிக்கு ஜனங்க துறையை விட்டு நகரவே இல்லையாம். 'அடுத்த வருஷம் எப்போ?'ன்னு கேட்டுக்கிட்டே நின்னாங்களாம்."

"அப்புறம்?"

"இதோ, ரெண்டாவது வருஷம். கொரியாக் கப்பல்லேர்ந்து பெரிய ஜாடி நிறைய கிம்ச்சி இறங்கிச்சு, அவங்க ஊர்க் கார ஊறுகாய். எங்கப்பா சாப்பிட்டுட்டு மூணு நாள் தண்ணி குடிச்சார்!"

அவன் சிரித்தான். மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்ததுபோல் ஒரு சிரிப்பு... மிஹாருவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"அப்புறம்?"

ஒவ்வொரு வருடத்துக்கும் அவன் 'அப்புறம்?' என்றான். அவளும் சொல்லிக்கொண்டே போனாள். ரஷ்ய மாலுமி ஒருத்தர் டிராமில் தொப்பியை மறந்துவிட்டுப் போனது... மூன்று நாளும் விடாமல் பெய்த மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு ஊரே பாய் விரிப்பதைப் பார்த்தது... அவன் நடுக்கம் நின்றிருந்தது.

"நான் மிஹாரு. உங்க பேர் என்ன?"

"ரிகு."

மிஹாரு வாயைப் பொத்திக்கொண்டாள். "தரைன்னு பேர் வெச்சுக்கிட்டா பாய்மரத்துல தொங்கறீங்க?"

"எங்கப்பா கோத்தோ தீவுல மீனவர். பிள்ளையாவது தரையில இருக்கட்டும்னு அம்மா ஆசையா வெச்ச பேர்." அவன் தலையைச் சொறிந்தான். "அம்மா பேச்சை நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?"

கப்பலிலிருந்து விசில் ஒலித்தது. அவன் முகம் அப்படியே வெளுத்தது. எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு மழைக்குள் போனான்... கால்களை இழுத்து இழுத்து, தண்டனைக்குப் போகிறவன் மாதிரி.

*

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. துறை முழுக்கக் கூட்டம். மதியம் பாய் விரிக்கும் காட்சியை ஒலிபெருக்கியில் வர்ணிப்பது மிஹாருவின் வேலை. எட்டு வருடமாக அவள் குரல்தான். பயிற்சி மாணவர்கள் மரத்தில் ஏறுவதையும், கால்கயிற்றில் நின்று பாயை அவிழ்ப்பதையும் காகிதத்தைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

முடிந்ததும் கரையோரப் படியில் அவன் நின்றிருந்தான். கையில் இரண்டு பன்றி இறைச்சி பன், ஆவி பறக்க.

"நேத்து படத்தை நனைச்சதுக்கு."

"ஒரு பன்னுல தீர்ந்துடுமா அது?"

"அதான் ரெண்டு வாங்கினேன். ரெண்டும் உங்களுக்குத்தான்."

"ஐயோ, என்னைப் பார்த்தா அவ்வளவு பசிச்சவ மாதிரியா இருக்கு?" ஒன்றைப் பிடுங்கி அவன் கையிலேயே திணித்தாள். விரல்கள் ஒரு கணம் உரசின. இருவரும் கடலைப் பார்த்தார்கள்... அவசரமாக.

பன் தீர்ந்தபின்தான் அவன் பேசினான். கடலிடம் சொல்வதுபோல், அவளைப் பார்க்காமல்.

"போன மாசம் மேல கால் வழுக்கிடுச்சு. இடுப்புக் கொக்கி பிடிச்சுக்கிச்சு. ஒரு நொடிதான்... ஆனா அந்த ஒரு நொடி காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல மிஹாரு சான். யாரும் பார்க்கல. நானும் சொல்லல. நேத்து மழையில ஒரு பாயை இழுத்துக் கட்டச் சொன்னாங்க. ஆறு படி ஏறினேன். கை விடமாட்டேங்குது. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டு ஓடிவந்தேன்... உங்க கம்பத்துல மோதினேன்."

"நாளைக்கு?"

"இன்னிக்கு வயித்து வலின்னு விட்டுட்டாங்க. நாளைக்கு முன்மரத்துல மூணாவது குறுக்குமரம் என் பொறுப்பு. ஏழு பசங்க என்னை நம்பி மேல வருவாங்க."

"கேப்டன்கிட்ட சொல்லிடுங்க. இன்னிக்கே!"

"என்னன்னு? பயமா இருக்குன்னா?" அவன் குரல் கல்லானது. "அஞ்சு வருஷமா கப்பலுக்கு வர்ற பசங்களுக்கெல்லாம் 'பயப்படாதே'ன்னு சொல்லிக் கொடுத்தவன் நான்."

"அந்தப் பசங்களுக்காகத்தான் சொல்றேன். உங்க வீம்புக்கு அவங்க..."

"நீங்க தரையில நின்னு காகிதம் படிக்கறவங்க." அவன் எழுந்துவிட்டான். "மத்தியானம் பூரா உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து மேல பார்த்தீங்களா? இல்லையே! எனக்குச் சொல்ல வந்துட்டீங்க."

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது நிஜம்.

முதல் திருவிழாவில் அவளுக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் எறும்புகளாக மனிதர்கள். விழப்போகிறார்கள் என்று வீறிட்ட வீறலில் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடினார். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்ததே இல்லை. இந்தத் திருவிழாவை உயிராக நேசித்தாள்... தலை குனிந்தே நேசித்தாள்.

"போங்க!" என்றாள். கண்ணீர் வருமுன் அவன் போய்விட வேண்டும். "போய் ஏறுங்க, எனக்கென்ன!"

அவன் போனான். சொல்லியிருக்கக்கூடாது... என்று அவள் நினைத்தபோது படியில் யாருமில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை. காற்று காலையிலிருந்தே சரியில்லை. கூடாரத் துணிகள் படபடத்தன. இனாசா மலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது. மிஹாரு ஒலிவாங்கியை எடுத்தாள். அவன் கேப்டனிடம் சொல்லியிருப்பான். கட்டாயம் சொல்லியிருப்பான்...

"முன்மரம், மூன்றாம் குறுக்குமரம், பொறுப்பு... ரிகு." காகிதத்தில் இருந்ததைப் படித்தாள்.

சொல்லவில்லை!

பாதிப் பாய் விரிந்திருந்தபோது மேகம் மலையிலிருந்து சரிந்தது. சாரல் பக்கவாட்டில் அறைந்தது. கப்பலில் விசில்: எல்லோரும் கீழே இறங்கு! கூட்டம் குடை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல மெல்ல... சிரிப்பு அடங்கியது.

"ஏன் அந்த ஒரு மரத்துல மட்டும் யாரும் இறங்கல?" யாரோ கேட்டார்கள்.

மிஹாரு நிமிர்ந்தாள்.

தலை சுற்றியது. வானம் கவிழ்ந்து வருவதுபோல் இருந்தது. மேசையைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக்கித் திறந்தாள். முன்மரத்தின் குறுக்குமரத்தில் ஏழு மாணவர்கள் வரிசையாக, காற்றில் ஆடும் கால்கயிற்றின்மேல். எல்லோருக்கும் உள்பக்கம், முன்மரத்தை ஒட்டி, ஒருவன். அவன் நகர்ந்து ஏணிக்குப் போனால்தான் பின்னால் இருப்பவர்கள் வரமுடியும். அவன் நகரவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு உறைந்து நின்றான்.

கீழே தளத்திலிருந்து மாலுமிகளின் தலைவர் கைகளைக் குவித்துக் கத்தினார். காற்று அந்தக் குரலைத் தின்றது. ஓரத்தில் நின்ற மாணவனின் கால் ஒருமுறை நழுவி மீண்டது. கூட்டம் "ஐயோ" என்றது.

ஒலிபெருக்கி மட்டும்தான் அங்கே எட்டும்.

என்ன சொல்வது? 'ரிகு, நகரு' என்று ஊரறியக் கத்துவதா? ஆயிரம் பேருக்கு முன்னால் அவனைக் கூசவைத்தால் இன்னும் இறுகிவிடுவான். காகிதம் பறந்துபோனது. போகட்டும்...

"முதல் வருஷம்," என்றாள். துறை முழுக்க அவள் குரல் ஒலித்தது; நடுங்கியது; பிறகு நிலைத்தது. "முதல் வருஷம் இது ஒரே ஒரு தடவைதான்னு சொன்னாங்க. ஜனங்கதான் துறையை விட்டு நகரல."

கூட்டத்தில் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பைத்தியமா இவளுக்கு?

அவள் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சின்ன வெள்ளை உருவத்தின் தலை அசைந்தது.

"ரெண்டாவது வருஷம் கொரியாக் கப்பல்லேர்ந்து ஒரு ஜாடி கிம்ச்சி வந்தது. எங்கப்பா மூணு நாள் தண்ணி குடிச்சார்."

ஒரு கால்... ஒரு கால் நகர்ந்தது! ஒரு சாண் தூரம்தான். நகர்ந்தது!

"மூணாவது வருஷம் ஒரு ரஷ்யக்காரர் டிராம்ல தொப்பியை மறந்துட்டார். டிராம் ஓட்டுநர் அதைத் தன் தலையில போட்டுக்கிட்டே வந்து கொடுத்தார்..."

இன்னொரு கால். மாணவர்களில் முதலாமவன் அவன் விட்ட இடத்துக்கு வந்தான். மிஹாரு சொல்லிக்கொண்டே போனாள். அவசரப்படாமல். ஒவ்வொரு வருடத்துக்குப் பிறகும் நிறுத்தி, அவன் மனசுக்குள் 'அப்புறம்?' என்று கேட்பதற்கு இடம் விட்டு. மழை அவள் கண்ணில் அடித்தது. துடைக்கவில்லை. கண் இமைத்தால் அவன் விழுந்துவிடுவான் என்று ஒரு பயம்.

ஏணிக்கு ஒரு கை தூரத்தில் அவன் மறுபடி நின்றான். அங்கே மரத்தை விட்டால்தான் ஏணிக் கயிற்றைப் பிடிக்கமுடியும். கீழே ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிந்தது: அந்த ஒரு நொடி இதுதான்.

"அப்புறம்... அந்த நோய் வந்த வருஷம்." இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "ஒரு கப்பலும் வரல. நான் மட்டும் இந்தத் துறையில தனியா வந்து நின்னேன். எனக்கு ரொம்ப பயமா இருந்தது. இனிமே யாருமே வரமாட்டாங்களோன்னு... கால் நடுங்க, கை நடுங்க நின்னேன். பயந்தா தப்பா? பயந்துக்கிட்டேதான் மறுநாளும் வந்தேன். அதுக்கு மறுநாளும்... அப்படித்தாங்க ஒரு நாள் கப்பல் வந்தது."

அவன் மரத்தை விட்டான்.

துறையில் யாரும் மூச்சு விடவில்லை.

பிடித்துவிட்டான்! ஏணிக் கயிறு அவன் இரண்டு கைகளிலும் இருந்தது. அவன் பின்னால் ஒருவர், இன்னொருவர்... ஏழு பேர். எண்ணி முடிக்கும்போது மிஹாரு ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

திங்கட்கிழமைக் காலை, கப்பல் புறப்படும் நேரம். ஏணிப்படியை ஏற்ற இன்னும் கால் மணிதான். அவன் இறங்கி வருவதைக் கண்டதும் மிஹாரு அவனிடம் ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அங்கேயே நின்றாள்.

எதிரே வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் ஒளிய இடம் தேடும் கண்கள் அல்ல.

"நேத்தே கேப்டன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மேல ஏற வேண்டாம்னு உத்தரவு. டாக்டரைப் பார்க்கணும். தலைவர் விட்டார் பாருங்க ஒரு திட்டு... 'ஏழு பசங்கடா, முட்டாப்பயலே!'ன்னு. அடி வாங்கினமாதிரி இருந்தது. அவர் சொன்னது சரி. நீங்க சொன்னதும் சரி. படியில உங்களைப் பேசினது மகா தப்பு."

"நான் மட்டும்? 'எனக்கென்ன'ன்னு சொன்னேனே..." அவள் குரல் உடைந்தது. "ராத்திரி பூரா அந்த வார்த்தைதான் காதுல."

மேலே, மாணவர்கள் விடை சொல்ல மரங்களில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். தளத்திலிருந்து "ரிகு! வர்றியா, இல்ல பேருக்கேத்தமாதிரி தரையிலயே இருந்துடறியா?" என்று ஒரு கரகரத்த குரல். சிரிப்பலை.

அவன் காது நுனிவரை சிவந்தான். நகரவில்லை.

"மிஹாரு சான். நாலு மாசம் கடல்ல. இப்ப சொல்லலைன்னா சொல்லவே மாட்டேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து மேல நின்னதைவிட இப்பதான் அதிகமா பயமா இருக்கு."

அலை கரையை இரண்டு முறை தொட்டது. அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டி, அவனுடைய குளிர்ந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்கிறது. பார்க்கட்டும்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதனால இன்னிலேர்ந்து காத்தடிச்சா பயப்படுவேன், மழை பெஞ்சா பயப்படுவேன். உங்க கடிதம் ஒரு நாள் தாமதமானாலும் பயப்படுவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பரவாயில்ல... பயந்துக்கிட்டே இருக்கேன். நீங்க வாங்க."