சுலோஜனா பார்க்காத கப்பல்

சல்லி ஊர்க் கடலுக்கு அடியில் ஒரு கப்பல் கிடக்கிறது. கண்ணிவெடிகளைத் தேடி அகற்றிய சின்னக் கடற்படைக் கப்பல். மற்றக் கப்பல்கள் பயமில்லாமல் வரட்டும் என்று முப்பது வருடமாக அவற்றுக்கு முன்னால் போனது. வயதானதும், மீன்களுக்கு வீடாகட்டும் என்று போன வருடம் அதைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

இடத்தைக் காட்ட மேலே ஒரு மிதவை இருந்தது. மாரிக் காற்று அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. போன கிழமை சுலோஜனாவின் அப்பா இராகுலன் போட்ட வலை கப்பலில் சிக்கிக் கிழிந்தது. இனி இருப்பது ஒரே ஒரு வலை.

"புது மிதவை வர ஒரு மாதமாம். அதுவரைக்கும் தொழிலுக்குப் போகாமல் இருக்க ஏலுமா?" என்றார் அப்பா.

"கப்பல் அந்தா, அங்க கிடக்கு," என்று டிலக்சன் சித்தப்பா வடக்கே கை காட்டினார்.

"இல்லை, இங்கால. அது தாழேக்க நீ போனில படம் எடுத்தனியே, அதைப் பாப்பம்."

"போனும் கப்பலோட கடலுக்குள்ள தாண்டிட்டுது, அண்ணை."

"எனக்கு இடம் தெரியும், அப்பா," என்றாள் சுலோஜனா.

சித்தப்பா சிரித்தார். "நீ கப்பலைப் பாக்கவே இல்லையே. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதனி."

"ஓம். பாவமா இருந்தது. பிறகு அது தாண்ட இடத்துக்குப் போய்ப் பூப் போட்டம்தானே? நீங்கள் எல்லாரும் குனிஞ்சு குமிழியைப் பாத்தியள். அப்பவும் நான் கரையைத்தான் பாத்தனான்."

அப்பா நிமிர்ந்தார். கரையில் எது எதற்கு நேரே தெரிகிறது என்று பார்த்துத்தான் சல்லி மீனவர்கள் கடலில் இடம் பிடிப்பார்கள். அன்றைக்கு வேடிக்கை பார்த்ததில் பெரியவர்கள் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

"என்ன கண்டனி, பிள்ளை?"

"கோயில் கோபுரம் தண்ணித் தாங்கிக்குத் தொப்பி மாதிரி நிண்டது. மற்றப் பக்கம், போன் கம்பம் மலையின்ர மூக்கில நிண்டது."

மறுநாள் காலை மூவரும் படகில் போனார்கள். தாங்கி மெல்ல நகர்ந்து தொப்பி போட்டுக்கொண்டது. கம்பம் மூக்கில் வந்து நின்றது.

"இதுதான்," என்றாள் சுலோஜனா.

சித்தப்பா கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். பத்துப் பாகம் ஆழம் போகவேண்டிய கயிறு ஆறிலேயே கப்பலில் தட்டி நின்றுவிட்டது. அவர் வெறும் சிவப்புக் கலன் ஒன்றை எடுத்து அந்தக் கயிற்றில் மிதவையாகக் கட்டினார்.

"அடுத்த கப்பலுக்கு நானும் அழுறன்," என்றார் பிறகு.

அப்பா வலையைத் தள்ளிப்போய்ப் போடுவதற்காகப் படகைத் திருப்பினார்.

"கொஞ்சம் நில்லுங்கோ, அப்பா."

இந்த முறை சுலோஜனா கரையைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தாள். தெளிந்த தண்ணீரில், கப்பலின் கொடிக்கம்பத்தைச் சுற்றி, மஞ்சள் மீன்கள் வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.