போனதைக் கொண்டு வா

அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா, சவூதியின் தம்மாமிலிருந்து அனுப்பிய குரல்செய்திகளில் சாஜிதாவுக்கு ஒன்றுதான் ரொம்பப் பிடிக்கும். "சாஜி, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, அத்தா அப்படியே பேசாமல் இருப்பார். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றும். கடைசியில், "சரிம்மா, வச்சிர்றேன்" என்பார்.

அந்தப் பேசாத இடத்தைக் கேட்கத்தான் அவள் தினமும் பள்ளி விட்டதும் ஓடி வருவாள். வாய்க்கால் இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

அன்று அம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"கை தவறி அத்தா பேசுனது ஒண்ணு அழிஞ்சிருச்சு. 'மீட்டமை'ன்னு ஒரு பட்டன் இருந்துச்சா, மீட்டுத் தரும்னு நெனச்சு அமுக்கினேன். இப்ப எல்லாமே போச்சு."

திரை வெறும் வெள்ளையாக இருந்தது. சாஜிதா கைப்பேசியை மெல்ல வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொன்னால் அம்மா அழுதுவிடுவார்.

அத்தாவின் செய்திகள் வரும் 'தூது' செயலிக்காக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், தெருக்கோடி அனீஸா லாத்தா. லாத்தா என்றால் அக்கா. சாஜிதா வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

லாத்தா 'மீட்டெடு' என்ற பட்டனை அமுக்கினார். செய்திகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கைப்பேசிக்குள் மின்விசிறி கிறீச்சிட்டது. அப்புறம்தான் சாஜிதாவுக்கு மூச்சு வந்தது.

"அழிச்சாலும் ஒரு வாரம் எங்ககிட்ட நகல் இருக்கும். மீட்டெடுன்னா போனது திரும்பும். மீட்டமைன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கே லாத்தா. யாரு வச்ச பேரு?"

லாத்தா காதைச் சொறிந்தார். "நான்தான்."

"புரியிற மாதிரி வைக்கக் கூடாதா?"

"நீளமா எழுதினா பட்டன்ல இடம் பத்தாதுடி. நீ வேணா எழுதிக் கொடு, பார்ப்போம்."

சாஜிதா வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தாள்.

"'புதிதாகத் தொடங்கு'. இதை அமுக்கினா என்னம்மா ஆகும்?"

"புதுசா ஏதாவது வரும். நல்லதுதானே?"

சாஜிதா அதை அடித்தாள். "'எல்லாம் அழி'?"

அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அதை நான் ஏன் தொடப்போறேன்?"

சாஜிதா அதைச் சுற்றி வட்டம் போட்டாள். "சரி, அத்தா பேசுனது திரும்ப வரணும்னா என்ன சொல்லுவீங்க?"

அம்மா கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போனதைக் கொண்டு வான்னு சொல்லுவேன்."

நோட்டை லாத்தாவிடம் கொடுத்து இருபது நாள் கழித்து, எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தப் பட்டன்களின் பெயர்கள் மாறின. அன்று மாலை அத்தாவிடமிருந்து புதுச் செய்தி வந்தது.

"சாஜி, என் போன்ல 'போனதைக் கொண்டு வா'ன்னு பட்டன் வந்துருக்கு. உங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு. நீங்க அங்க அதை அமுக்கினா, என்னையும் கொண்டுவந்து விட்டுருமா?"

பிறகு வெறும் மின்விசிறி. அம்மாவும் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டார்.

சாஜிதா கைப்பேசியோடு கொல்லைப்பக்க வாய்க்காலுக்குப் போனாள்.

"அத்தா, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு."

அதற்குமேல் ஒன்றும் பேசாமல், கைப்பேசியைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டி, கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.