தூக்கத்தில் அசையும் கை

ராப்தி ஆறு கரை புரண்டு, நெல் வயல்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஆவணி மாதம். அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் மூளைக்காய்ச்சல் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள். சுவரோரக் கட்டில் மட்டும் காலி. சோன்மதி தன் ஆறு வயது மகள் ரஜ்வந்தியை அதில் கிடத்தினாள். ஏன் காலி என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் பிள்ளையின் வாய் எதையோ மெல்வது போல ஓயாமல் அசைந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கிருமி மூளையின் அடி ஆழத்தைத் தாக்கியிருக்கிறது, அதனால் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது, தூங்கினால் நின்றுவிடும் என்றார் டாக்டர் திவாகர்.

நின்றது.

வலது கை மட்டும் அப்போதுதான் தொடங்கியது.

மத்தியானப் புழுக்கம். பினாயில் நாற்றம். கண் மூடிக் கிடந்த ரஜ்வந்தியின் கை மெல்ல ஊர்ந்து வந்து, சோன்மதியின் சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்தது. விரலில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுக்கியது.

"டாக்டர் சார், தூங்கும்போதுதான் இந்தக் கை ஆடுது."

"அப்படி ஆடாதும்மா. நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க."

அவர் போனதும், வார்டைக் கூட்டும் லால்தி துடைப்பத்தை நிறுத்தினாள். போன மாதம் இதே கட்டிலில் ஒரு பையன் இருந்தானாம். இங்கே மருந்து இல்லை, வெளியே வாங்கி வா என்று அவன் தாயை அனுப்பினார்களாம். தன் தலைப்பைச் சுற்றியிருந்த மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அந்தத் தாய் போனாள். திரும்பி வந்தபோது முகம் வரை மூடியிருந்தார்கள்.

"அதுக்கப்புறம் இதுல படுக்குற பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான்," என்று லால்தி கிசுகிசுத்தாள்.

சோன்மதி மகளைத் தூக்கித் தரையில் கிடத்தினாள். கை அடங்கிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு வேறொரு பையன் வந்தான். இரண்டு நாளாக நினைவே இல்லாதவன். சோன்மதி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவனுக்கு வேறு இடம் எங்கே?

சாயங்காலம் அவன் தாய் பசந்தியின் கைக்கு மருந்துச் சீட்டு வந்தது. எழப் பார்த்தாள். முடியவில்லை. இமைகூட அசைக்காத பையனின் விரல்கள் அவள் தலைப்பைச் சுற்றியிருந்தன.

"நீ போகாத அக்கா. நான் வாங்கிட்டு வரேன்."

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு சோன்மதி சேற்றில் ஓடினாள். மூன்று கடை ஏறி இறங்கி மருந்தோடு வந்து சேர்ந்தபோது, பையனை முகம் வரை மூடியிருந்தார்கள்.

பசந்தி அழவில்லை. டாக்டர் திவாகர் குனிந்து, அவள் தலைப்பிலிருந்து அந்த விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பிரிக்கப் பிரிக்க, அவை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தன.