பத்மாவதி அக்காவின் மூன்றாவது சட்டை

போன வாரம் நான் ஒரு தும்மல் போட்டேன். சட்டையின் நடுப்பொத்தான் தெறித்து, ஜன்னல் வழியாகப் பறந்து, எதிர்வீட்டு அழைப்பு மணியில் போய் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “யாருங்க?” என்று கேட்டார்.

“பொத்தானுங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. பெருந்துறையில் ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் எதையும் நம்ப மாட்டார்கள்.

அது என் மகன் போனில் பார்த்து வாங்கிக் கொடுத்த ரெடிமேட் சட்டை. மகன் நல்லவன். ஆனால் அந்தச் சட்டையைத் தைத்தவர் என்னைப் பார்த்ததே இல்லை. பார்க்காமல் எப்படித் தைப்பது? முன்பக்கம் நான் கொஞ்சம் செழிப்பான ஆள்.

பொத்தானைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், எனக்குக் கோட்டைமேட்டு ஞாபகம் வந்துவிட்டது.

கோவையில் நான் இருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அக்பர் அலியின் தையல் கடை. வாசலில் ஒரு பெஞ்சு. சாயங்காலம் ஆனால் நானும் தெருக்காரர்கள் சிலரும் அதில்தான் இருப்போம். இஸ்திரிப் பெட்டி பட்ட புதுத்துணியின் வாசம், மெஷினின் கடகட சத்தம், எதிர்க் கடையிலிருந்து வரும் டீ. ஆடி மாதக் காற்று அடித்தால் வெட்டுத்துணிகள் எங்கள் தலைமேல் பறந்து வந்து உட்காரும். ஒருமுறை அப்படி வந்த துண்டுகளைச் சேர்த்து எனக்கு ஒரு முழு அரைக்கைச் சட்டையே தைத்தார்கள். அதை விடுங்கள்.

வருடம் ஒருமுறை அக்பர் அலி என் இடுப்பை டேப்பால் சுற்றுவார். டேப்பைப் பார்ப்பார். ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். பிறகு பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, “போன வருசம் இருந்த அதே அளவுதானுங்கண்ணா!” என்பார்.

முப்பது வருடமாக அதே அளவு. டாக்டர்கள்கூட இதை நம்புவதில்லை. ஆனால் சட்டை எப்போதும் கச்சிதமாக இருக்கும்.

பெண்களுக்கு அளவெடுப்பது அவர் மனைவி ஹபீபுன்னிசா. கடைக்குள் ஒரு திரை உண்டு. திரைக்கு உள்ளே அவர் அளந்து எண்ணைச் சொல்லுவார். திரைக்கு வெளியே அக்பர் அலி அதைக் கேட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்வார்.

அவர்கள் மகள் உஸ்மா. அப்போது ஐந்தாம் வகுப்பு. உக்கடத்தில் மதுக்கரை பஸ் ஏறிக் குனியமுத்தூருக்குப் பள்ளிக்கூடம் போவாள்.

அந்தப் பஸ்ஸில் புதிதாக ஒரு கண்டக்டர் வந்தார். பத்மாவதி. அந்தத் தடத்தில் அவர்தான் முதல் பெண் கண்டக்டர். தாராபுரத்துக்காரர். அங்கே ஓடும் அமராவதி ஆறு மாதிரியே அவரும் நேர்கோடு கிடையாது. அகல வேண்டிய இடத்தில் அகன்று, வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, பார்க்கவே கம்பீரமாக இருப்பார்.

பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். உஸ்மா தூரத்தில் ஓடி வருவது தெரிந்தால், விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஊதாமல் நிற்பார். டிரைவர் ஹாரன் அடித்தால், “சித்தெ இருங்கண்ணா, விசில்ல காத்து வரமாட்டேங்குது” என்பார்.

அவருக்கு யூனிபார்ம் காக்கிச் சட்டை. தைக்கக் கொடுத்தது அக்பர் அலியிடம்தான்.

முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன். ஆத்துப்பாலத்தில் பஸ் குலுங்கியது. அவர் மேலே இருந்த கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார்.

டப்!

ஒரு பொத்தான் ஜன்னல் வழியாகப் பறந்து, சாலையில் நின்ற போக்குவரத்துக் காவலரின் விசிலில் பட்டது. விசில் தானாக ஊதிவிட்டது. நாலா பக்கமும் வண்டிகள் நின்றன. காவலரும் நின்றார். அவருக்கே யார் ஊதினார்கள் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். உஸ்மா சிரிக்கவில்லை. பத்மாவதி அக்கா ஒரு கையால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

அக்பர் அலிக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ற கடைச் சட்டை தெறிக்கறதா?” என்று, அளவே எடுக்காமல், இரண்டாவது சட்டையை எல்லாப் பக்கமும் பெரிதாக வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

அது தெறிக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் அல்லவா! பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த காற்று, படிக்கட்டில் நின்ற அக்காவின் சட்டைக்குள் புகுந்து, அதைக் கப்பல் பாய் மாதிரி உப்ப வைத்தது. டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். பஸ் தானாகவே போனது. என்ன, காற்று எதிர்த்திசையில் அடித்ததால் மதுக்கரைக்குப் போக வேண்டிய பஸ் பின்னாலேயே உக்கடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் முதலாளி மோகன்குமார் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். அதைச் சொல்லத்தான் அக்கா கடைக்கு வந்தார். தோளில் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்.

“ஒரு கையில சட்டையப் புடிச்சிட்டு இருந்தா டிக்கெட் கிழிக்கறது யாருங்கறாருங்கண்ணா. திங்கக்கிழம ஒழுங்கான சட்டையோட வரோணுமாம். இல்லீன்னா ஷெட்டுல பஸ் கழுவற வேலைக்குப் போகச் சொல்லிப்போட்டாரு.”

உஸ்மா வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்தாள். “அப்ப விசில் யாரு ஊதுவா?”

“வேற யாராச்சும் ஊதுவாங்க கண்ணு.” பத்மாவதி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “சட்ட மேல தப்பில்லீங்கண்ணா. என்ற ஒடம்புதான் சட்டைக்குச் சரிப்படாதாட்ட இருக்குது.”

“அதெப்படிங்க அம்மணி!” என்று அக்பர் அலி எழுந்தார். “சட்டைக்கா ஒடம்பு? ஒடம்புக்குத்தானுங்க சட்ட. உள்ள போங்க. இன்னொருக்கா அளந்துபோடலாம்.”

அன்று சனிக்கிழமை. பெஞ்சு நிறைய ஆட்கள். அக்காவும் ஹபீபுன்னிசாவும் திரைக்கு உள்ளே போனார்கள். டேப்பின் நுனியைப் பிடிக்க உஸ்மாவும் போனாள். உள்ளே நடந்ததை அவள் எனக்குப் பிறகுதான் சொன்னாள். அளவு என்ன என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

ஹபீபுன்னிசா அக்காவின் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். உஸ்மா டேப்பைப் பார்த்தாள். டேப் ஒரு எண்ணைக் காட்டியது. அம்மா திரைக்கு வெளியே கேட்கும்படி வேறொரு எண்ணைச் சொன்னார். ரொம்பச் சின்ன எண்.

உஸ்மாவுக்குப் புரியவில்லை. அம்மாவின் காதில் மெதுவாக, “அம்மா, தப்பாச் சொல்றீங்க” என்றாள்.

“உஷ்! வெளிய அத்தன ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. உள்ளதச் சொன்னா அக்கா மனசு நோகாதா? நான் கொறைச்சுச் சொன்னாலும் அத்தா வெட்டறப்பச் சித்தெ எச்சா உட்டு வெட்டுவாங்க.”

உஸ்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா மரியாதைக்குக் குறைத்துச் சொல்கிறார். அத்தா அதை அப்படியே நம்பி வெட்டுகிறார். அந்த மரியாதைதான் ஆத்துப்பாலத்தில் டப்பென்று தெறித்திருக்கிறது.

“அத்தாவும்தான் அந்தத் தாத்தாகிட்டக் கொறைச்சுச் சொல்லுவாங்க. ஆனா அளக்கறதும் வெட்டறதும் அவங்களேதானே. வாய் கொறைச்சாலும் கத்தரிக்கோல் கொறைக்காது” என்றாள் உஸ்மா.

அவள் எந்தத் தாத்தாவைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்குக் குண்டான ஆட்கள் பலர் வருவார்கள்.

இப்போது என்ன செய்வது? உண்மையான எண்ணைச் சத்தமாகச் சொன்னால் பெஞ்சுக்குக் கேட்கும். சொல்லாவிட்டால் மூன்றாவது சட்டையும் தெறிக்கும். திங்கட்கிழமை விசில் போய்விடும்.

உஸ்மா யோசித்தாள். யோசிக்கும்போது ஜடை நுனியைக் கடிப்பது அவள் பழக்கம். கடித்தாள். வாயில் ரிப்பன் வந்தது.

சட்டென்று இரண்டு ஜடையிலிருந்தும் நீல ரிப்பன்களை உருவினாள்.

“அக்கா, பஸ்ஸுல கம்பியப் புடிக்கற மாதிரி கையத் தூக்குங்க.”

“எதுக்குக் கண்ணு?”

“சட்ட சும்மா நிக்கறப்பத் தெறிக்கலீங்களே. கையத் தூக்கறப்பத்தானே தெறிச்சுது.”

அக்கா கையைத் தூக்கினார். உஸ்மா ஒரு ரிப்பனை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டாள். இன்னொன்றை இடுப்பு ஒடுங்கும் இடத்தில் சுற்றி ஒரு முடிச்சு. அதையே கீழே அகலும் இடத்தில் சுற்றி இன்னொரு முடிச்சு.

திரை இடுக்கில் ஒரு சின்னக் கை நீண்டது. அதில் இரண்டு நீல ரிப்பன்கள்.

நாங்கள் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தோம்.

“என்னம்மா இது? எத்தன இஞ்சு?” என்றார் அக்பர் அலி.

“இஞ்சு வேண்டாம் அத்தா. ரிப்பன அப்படியே துணி மேல வெச்சு வெட்டுங்க. ஒரு முடிச்சு இருக்கறது மேலுக்கு. ரெண்டு முடிச்சு இருக்கறது கீழுக்கு.”

அக்பர் அலி ரிப்பனைத் துணிமேல் வைத்தார். ஏற்கெனவே போட்டிருந்த சாக்குக்கட்டிக் கோட்டைத் தாண்டி ரிப்பன் போனது. இன்னும் போனது. அவருடைய புருவமும் கூடவே மேலே போனது. திரையைப் பார்த்தார். பழைய கோட்டைத் தட்டி அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். மேலே அகலமாக, இடுப்பில் இரண்டு பக்கமும் உள்ளே பிடித்து, கீழே மறுபடியும் அகலமாக.

“ஏம்ப்பா, அளவு எவ்வளவு வந்துது?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ரிப்பன் அளவு வந்துதுங்க” என்றார் அக்பர் அலி.

உஸ்மா வெளியே வந்தாள். தலைமுடி காற்றில் பறந்தது. “அத்தா, பொத்தானக் காலர்ல இருந்து எண்ணிட்டு வராதீங்க. எது மொதல்ல தெறிச்சுதோ அந்த எடத்துல மொதல்ல ஒண்ணு வெச்சுருங்க. மத்ததெல்லாம் அங்கிருந்து மேலயும் கீழயும் போகட்டும்.”

அக்பர் அலி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு பொத்தான் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். “நீயே எடம் குறிச்சுக் குடு.”

திங்கட்கிழமை எனக்கு மதுக்கரையில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் பஸ் ஏறினேன். பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் ஏறினார்கள். ஒருவருக்கும் மதுக்கரையில் வேலை இல்லை.

பத்மாவதி அக்கா படிக்கட்டில் நின்றார். துண்டு இல்லை. காக்கிச் சட்டை தோளில் உட்கார்ந்து, இடுப்பில் வளைந்து, கீழே மெல்ல விரிந்து இறங்கியது. காற்று வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, புகுந்துகொள்ள இடமில்லாமல் போய்விட்டது.

மோகன்குமாரும் ஏறினார். கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பஸ் ஆத்துப்பாலத்துக்கு வந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உஸ்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சாலையின் குறுக்கே ஒரு எருமை வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அக்கா கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார்.

டப்!

உஸ்மா கண்ணைத் திறந்தாள். அக்காவின் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அக்காவின் இன்னொரு கையில், எங்கிருந்தோ பறந்து வந்து சிக்கிய ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது.

மோகன்குமார் தன் தொப்பையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரிடம் போனார். டிக்கெட்டோடு சேர்த்துப் பொத்தானை நீட்டினார். “இந்தாங்க மொதலாளி. மீதி சரியா இருக்குதுங்களா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. மோகன்குமாரும் சிரித்துவிட்டார். “ஏனுங்க அம்மணி, இந்தச் சட்டைய எங்க தெச்சீங்க?”

அக்கா விசிலை எடுத்து ஊதினார். அப்படி ஒரு விசிலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. எருமைகூட வழிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் யாருடைய அளவையும் சத்தமாகச் சொல்லவில்லை. சுவரில் வரிசையாக ஆணி அடித்தார்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் ரிப்பன் தொங்கியது. பத்மாவதி அக்காவுக்கு நீலம். மோகன்குமாருக்கு மஞ்சள். எனக்குப் பச்சை. பண்டிகை நாளில் கடைவாசலுக்குத் தோரணம் வேண்டுமென்றால் என் ரிப்பனைத்தான் எடுத்துக் கட்டுவார்கள். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. நிறம் அழகாக இருந்ததால்தான் இருக்கும்.

அதெல்லாம் ஞாபகம் வந்ததும் கடைக்குப் போன் செய்தேன். உஸ்மாதான் எடுத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“தாத்தா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறேன் கண்ணு. பத்மாவதி நல்லா இருக்குதா?”

“இன்னைக்குக்கூட எனக்காக விசில ஊதாம நின்னாங்க தாத்தா.”

“சரி, என்ற பச்ச ரிப்பன் இருக்குதா? அதே அளவுல ஒரு சட்டை தெச்சு அனுப்பச் சொல்லு உங்க அத்தாவ.”

அவளும் அவள் அத்தா மாதிரியே ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாளோ என்னவோ, தெரியாது. பிறகு உஸ்மா சொன்னாள்: “இருக்குதுங்க தாத்தா. ஆனா ரொம்ப நாளாச்சுங்களா, ரிப்பன் சித்தெ சுருங்கிப் போயிருக்குமுங்க. நேர்ல வந்துருங்களேன், புதுசா ஒண்ணு கட்டிப்போடலாம்.”

நாளைக்கே கோவைக்குப் போகிறேன். பாருங்கள், ரிப்பன்கூடச் சுருங்கிப் போய்விட்டது. என் இடுப்பு மட்டும் முப்பது வருடமாக அப்படியே இருக்கிறது.