நான்கு மொட்டைத் தலை போல்ட்டுகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பல் டாக்டர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி அடுப்பைக்கூட அணைக்காமல் ஷெட்டுக்கு ஓடி வந்தாள். விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் அவர் மல்லாந்து கிடந்தார். கையில் டார்ச். உயிருக்கு ஒன்றுமில்லை.

"யாரோ போல்ட்டை மாத்தியிருக்காங்க. நாலையும்!"

அது கம்பெனியில் வாங்கிய விமானமல்ல. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எட்டு வருடமாக அவரே கட்டிய, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். ஞாயிற்றுக்கிழமை அது முதன்முதலாகப் பறக்கப்போகிறது என்று தன்னிடம் வந்த அத்தனை நோயாளிகளிடமும் சொல்லியிருந்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுத்துப் பேச முடியாது, பாருங்கள். அந்த இறக்கையை உடலோடு பிடித்து நிறுத்துவது நான்கே நான்கு போல்ட்டுகள். விமானத்துக்கென்றே செய்த போல்ட்டின் தலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். இப்போது அங்கே இருந்த நான்கும் மொட்டைத் தலை. இரும்புக் கடையில் கிலோ கணக்கில் அள்ளிப் போடும் சரக்கு.

எட்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். சந்தேகம் அவருக்குத் தொழில் அல்ல, சுபாவம். கான்ஸ்டபிள் காபி கொடுத்தால், "முதல்ல நீ ஒரு வாய் குடிய்யா" என்பார் என்று ஸ்டேஷனில் ஒரு கேலி உண்டு.

"இது அறுந்தா என்ன ஆகும்?"

"இறக்கை மடங்கிடும் மேடம். அப்புறம் நான் இல்ல."

"இந்த இடம் தகடு போட்டு மூடியிருக்குமே. ஏன் திறந்தீங்க?"

"போன சனிக்கிழமை செக் பண்ற இன்ஜினியர் வந்து, எல்லாம் சரியா இருக்குன்னு மூடச் சொல்லிட்டுப் போனார். எனக்குத்தான் மனசு கேக்கல. இன்னொரு தடவை பாத்துடலாம்னு தோணுச்சு."

ஆக, மாற்றியது இந்த ஒரு வாரத்துக்குள். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி அசையவில்லை. இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு சாவிங்க. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு." கணவரைப் பார்த்தாள். "என் தம்பிகிட்ட ஒண்ணு."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இந்த விமானம் பிடிக்குமா?"

"சக்களத்தியை யாருக்குங்க பிடிக்கும்?" என்றவள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "என் தம்பியும் அவரும் மூணு மாசமா பேசுறதில்ல. சாகணும்னு சாபம் விட்டுட்டுப் போனான். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன். ஆனா இதைச் செய்ய அவனைத் தவிர வேற யாரும் இல்லைங்க."

பத்து மணிக்கு, நாலு வீடு தள்ளிக் குடியிருந்த தம்பியைத் தெருவே பார்க்க ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஆறு வருடம் மாமாவோடு இந்த ஷெட்டில் கிடந்தவன். இன்ஸ்பெக்டர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"என்ன சண்டை?"

"ஒரு போல்ட்டுக்காக."

"விளையாடுறியா?"

"இல்லைங்க. வால் பக்கம் ஒரு போல்ட் போட்டேன். நீளம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா மரை, அந்தத் திருகு வெட்டின பாகம், துளைக்குள்ள வந்துடுச்சுன்னு மாமா குதிச்சாரு. துளைக்குள்ள வழவழப்பான பாகம்தான் நிக்கணுமாம். மரை வெளியே, நட்டுக்குள்ள மட்டும்தானாம். உள்ள உக்காந்தா ரம்பம் மாதிரி துளையைத் தின்னுடுமாம். பத்துப் பேர் முன்னாடி, 'உன்னை மாதிரி அவசரக்குடுக்கையை நம்பி ஏறினா பாடைதான்'னாரு."

"நீ என்ன சொன்ன?"

அவன் அக்காவைப் பார்த்தான். "விழுந்து சாவுங்கன்னு சொன்னேன்."

கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். "மேடம், இதுக்கு மேல என்ன வேணும்? கொலை முயற்சின்னு எழுதிடவா?"

தம்பி எழுந்துவிட்டான். "கோவத்துல வந்த வார்த்தைங்க! கேஸ் போட்டுடாதீங்க. அந்தப் பேர் விழுந்துட்டா நாளைக்கு எந்தத் தாய் என் வேன்ல பிள்ளையை ஏத்துவா? மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டார்ச்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"இருய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல அந்தப் போல்ட்டைக் கழட்டு."

கான்ஸ்டபிளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு நட்டும் கழன்றுவிடாதபடி, போல்ட்டில் ஓட்டை போட்டு ஒரு பின் செருகியிருந்தது. பின்னின் இரண்டு காலும் துணியோ விரலோ மாட்டாதபடி ஒட்ட மடக்கியிருந்தன. ஒருவழியாக முதல் போல்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் அதன் முனையைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு பிசிறு இல்லை. முத்துப் போன்ற பல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"கடைத்தெருவுக்குப் போய் இதே பருமன்ல எத்தனை நீளம் உண்டோ அத்தனையும் ஒவ்வொண்ணு வாங்கிட்டு வா."

கான்ஸ்டபிள் திரும்பும்வரை ஷெட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா தம்பியைச் சந்தேகப்பட்டாள். தம்பி எல்லாரையும் சந்தேகப்பட்டான். இன்ஸ்பெக்டர் மட்டும் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கடை போல்ட்டுகள் மேஜையில் வரிசையாக நின்றன.

"டாக்டரைக் கொல்ல நினைக்கிறவன் என்ன பண்ணுவான்?" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். "பழைய போல்ட்டோட அளவுக்கே ஒண்ணு வாங்குவான். மாட்டுவான். போயிடுவான். அப்படி மாட்டினா, இதோ பாருங்க, கடை போல்ட்டுல பாதிக்கு மேல மரை. துளைக்குள்ள மரைதான் நிக்கும். ஆனா இவன் அப்படிச் செய்யல. ரொம்ப நீளமானதை வாங்கியிருக்கான். வழவழப்பான பாகம் துளைக்குக் கணக்கா வரணும்னு. மிச்ச மரையை அறுத்துட்டு, முனைக்கு அரம் போட்டு மழுக்கி, பின் செருக ஓட்டையும் போட்டிருக்கான். இறக்கையே விழணும்னு நினைக்கிறவனுக்கு நட் கழண்டா என்ன, கழலாட்டி என்ன?"

"யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு செஞ்சிருப்பான் மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

"அப்படின்னா முதல்ல தலையில பெருக்கல் குறியை வெட்டியிருப்பான்ல? அதைச் செய்யல. தகட்டைத் திறந்ததும் பளிச்சுனு தெரியட்டும்னு மொட்டையாவே விட்டிருக்கான். இது கொல்ல வச்ச போல்ட் இல்ல, கண்டுபிடிக்க வச்ச போல்ட். இந்தத் தம்பிக்கு அரம் போடுற பொறுமை இருந்திருந்தா அந்தச் சண்டையே வந்திருக்காது. அந்த அம்மாவுக்கு மரை எது, வாஷர் எதுன்னு தெரியாது. தப்புக் காரியம் பண்ணப் போன இடத்துலயும் மட்டமா வேலை செய்ய வராத கை இந்த ஷெட்ல ஒண்ணுதான் இருக்கு." அவர் திரும்பினார். "அசல் போல்ட் நாலையும் எடுத்துட்டு வாங்க டாக்டர். நீங்க அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க."

டாக்டர் மறுக்கவில்லை. முன்பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"போன ஞாயிற்றுக்கிழமை தரையில ஓட்டிப் பாத்தேன்," என்றார். "ஒரு நொடி சக்கரம் மேல எழும்புச்சு. இறங்கினப்புறம் நிக்க முடியல, கால் ரெண்டும் அப்படி நடுங்குச்சு. ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். இப்பப் போய் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? யாரோ கெடுத்துட்டாங்கன்னா கௌரவமா விட்டுடலாம்னு..."

"யாரோவா? உங்க மச்சானை ஜீப்ல ஏத்துறப்போ எங்க இருந்தீங்க?"

"வாசல்லதான் நின்னேன்."

"பொய்ப் புகாருக்கு ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்லணும். அது சின்ன விஷயம்," என்றார் இன்ஸ்பெக்டர். "வாசல்ல நின்னதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியல."

தம்பி மேஜையிலிருந்த அறுத்த போல்ட்டை எடுத்து, முனையைத் தடவிப் பார்த்தான். "நல்ல வேலை மாமா," என்றான். அதை வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

டாக்டர் மனைவியின் கையைப் பிடிக்கப் போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எட்டு வருஷம்," என்றாள். "ராத்திரி நீங்க தூங்கினப்புறம் தினமும் சாமியைக் கும்பிட்டேன், இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது பயம் வரட்டும்னு. பயமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சந்தோஷத்துல குதிச்சிருப்பேனே. அதைச் சொல்லாம, என் வாயாலயே என் தம்பியைக் கொலைகாரன்னு சொல்ல வச்சிட்டீங்களே!"

தெருவில் அக்கம்பக்கத்தார் இன்னும் கலையவில்லை. அத்தனை பேர் பார்க்க அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.