அனுப்பும் பக்கம்

கண்டனூரில் அந்தப் பெரிய வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கல்யாணம் நடந்தால் மட்டும் திறக்கிற வீடு. காவல்காரர் தங்கச்சாமி கதவைத் திறந்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். நான் என் லோடு ஆட்டோவிலிருந்து அவர்கள் பெட்டிகளைச் சுமந்து உள்ளே வைத்தேன். உள்ளே வெளிச்சம் செத்துக் கிடந்தது. வௌவால் எச்ச வாடை.

சத்தியப்பிரியாவும் கதிரவனும் கூட்டுச் சேர்ந்து புது ரேடியோ செய்கிறவர்கள். உள்ளங்கை அகல சர்க்யூட் பலகைதான். அலையைப் பிரித்தெடுக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அதனால் பலகையில் எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் இவர்களுக்குள் சண்டை. தடித்த சுவர், போன் சிக்னல் எட்டாத உள்கட்டு. பலகையின் சொந்த இரைச்சலை அளக்க அங்கே வந்திருந்தார்கள்.

"சிக்னல் அனுப்புற பக்கத்தத் தூக்கிருவோம். கேக்குறது மட்டும் போதும்," என்றாள் சத்தியப்பிரியா. "அனுப்புனா சூடேறும். அந்த இரைச்சல் கேக்குற பக்கம் கசியும்."

"வாயில்லாத ரேடியோவ எவன் வாங்குவான்? ஒனக்குப் பயம்னா போயிக் கோலம் போடு."

"போர்டு வெந்துச்சு, ஒன் மூஞ்சிலதான் எறிவேன்."

ஆன்டெனாவைக் கழற்றினாள். பலகையைத் தகரப் பெட்டிக்குள் வைத்துத் திருகினாள். மின்சாரம்கூட பேட்டரியிலிருந்துதான். இனி வெளியிலிருந்து எதுவும் கேட்கக் கூடாதாம்.

ஸ்பீக்கர் உஸ்ஸென்று இரைந்தது. இரைச்சல் மெலிந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

"வெளிய போங்கடா," என்றது ஒரு பெண் குரல்.

சத்தியப்பிரியா திருகாணிகளை இன்னும் இறுக்கினாள். குரல் கிட்டே வந்தது.

"மூணு பேரு. ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"சத்தத்தக் கொறைங்க தாயி," என்று கிசுகிசுத்தேன்.

"ஸ்பீக்கர எப்பவோ அமத்திட்டேண்ணே."

நான் பெட்டிகளை அள்ளினேன். கதிரவன் மட்டும் சிரித்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"இந்த வெரட்டு வெரட்டுது, பதில் சொல்லாமயா போறது?" அனுப்பும் பக்கத்தைப் போட்டு மைக்கில் குனிந்தான். "கோவிச்சுக்காதீக ஆச்சி. போயிட்டு வாரேன்."

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எங்கள் வாயில் தானாக வருகிற சொல் அது. இழவு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். அது என்ன வீடென்று அவனுக்குத் தெரியவில்லை.

வௌவால்கள் அடங்கின.

"வருவியா?" என்றது குரல்.

அதில் கோபமே இல்லை. மூணு பேரும் ஆட்டோவுக்கு ஓடினோம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினோம். கதிரவனின் கிளாசில் பாதி டீ இருந்தது. அவன் இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கண்டனூருக்கே திரும்பினோம். பூட்டு போட்டபடி இருந்தது.

"ஒருத்தரும் வரலையே. நான் இங்கனயேதான இருக்கேன்," என்றார் தங்கச்சாமி.

திறந்து அறை அறையாகத் தேடினோம். பிறகு போலீஸும் தேடியது. அவன் கிடைக்கவில்லை.

சத்தியப்பிரியா அனுப்பும் பக்கத்தை வெட்டிவிட்டுப் பலகையைப் புதிதாக வரைந்தாள். புதுப் பலகைகள் செய்து வந்து சேர்ந்தபோது, காரைக்குடியில் அவள் அறைக்கு நான்தான் பெட்டியைச் சுமந்துபோனேன். ஒன்றை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். ஆன்டெனா மாட்டவில்லை.

"அவன் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்ணே."

இரைந்தது. மெலிந்தது.

"சத்தியா." கதிரவனேதான். "இங்க இருட்டா இருக்கு. எந்தப் பக்கம் வரணும்னு சொல்லு."

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "கதிரு, கதிரு," என்று கத்தினாள்.

"கேக்குதா சத்தியா? ஏன் பேச மாட்டேங்குற?"

மூடியைப் பிய்த்தாள். பலகையில் அனுப்பும் பக்கம் இருக்க வேண்டிய இடம் வெறும் பச்சையாகக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி நின்றாள்.

அப்போது ரேடியோவிலிருந்து அவள் குரல் கேட்டது.

"இங்குட்டு வா கதிரு. கையக் குடு."

சத்தியப்பிரியா வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.